பைண்டர் படிக்காத நாவல்

அச்சகத்தில் அவரை எல்லோரும் பைண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் கல்லுளிமங்கன் என்பார்கள். இரண்டுமே அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் அவர் கோபப்பட்டதில்லை. ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம், அதற்குப் பிறகும் குச்சிக்கு இடம் மிச்சம் இருக்கும்.

அச்சடித்த தாள்கள் பதினாறு பக்க மடிப்புகளாக அவரிடம் வரும். அந்த மடிப்புக்குத் தொழிலில் பாரம் என்று பெயர். நீளமான மேசையின் மேல் முதல் பாரம், இரண்டாம் பாரம் என்று வரிசையாக அடுக்கிவைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தபடியே ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சேர்த்தால் ஒரு புத்தகம். நடக்கும்போது படித்தால் போச்சு. ஒரு நல்ல வரி கண்ணில் பட்டால் கால் நிற்கும், கை தடுமாறும், ஏழாம் பாரம் இரண்டு தடவை சேர்ந்துவிடும். அதனால் அவர் எழுத்தைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்ப்பார். ஒவ்வொரு பாரத்தின் மடிப்பிலும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் இருக்கும். முதல் பாரத்தில் உச்சியில், அடுத்ததில் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. எல்லாம் சேர்ந்தால் முதுகில் படிக்கட்டு இறங்குவதுபோலத் தெரியும். நடுவில் ஒரு படி காணாமல் போயிருந்தால் ஒரு பாரம் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். இப்படியே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கையில் எடுத்த புத்தகங்களுக்குக் கணக்கே இல்லை, படித்தது ஒன்றுகூட இல்லை.

இந்த மனிதருக்கு வாய்த்த மனைவியோ வார்த்தையிலேயே குளித்து வார்த்தையிலேயே தலை துவட்டுகிறவள். பல் டாக்டரின் கிளினிக்கில், வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிற வேலை. முன்னறைக் கம்ப்யூட்டரில், நோயாளிக்கும் நோயாளிக்கும் இடையில் கிடைத்த நேரத்தில், நாலு வருடம் தட்டித் தட்டி ஒரு நாவல் எழுதிவிட்டாள். கோட்டை, குதிரை, முற்றுகை, பேசாத தளபதி, அவனைக் காதலிக்கும் கோட்டை மருத்துவச்சி என்று மன்னர் காலத்துக் காதல் கதை. உள்ளே டாக்டர் பல்லைக் குடைகிற நாட்களில் தனக்குப் போர்க்களம் நன்றாக வருகிறது என்று சொல்லிச் சிரிப்பாள்.

புருஷனுக்குப் படித்துக் காட்ட அவளுக்கு ஆசை. அவர் பிடி கொடுக்கவில்லை.

"என்னங்க, ஒரு அத்தியாயமாவது படிங்களேன்."

"அச்சாகி வரட்டும்."

"அச்சானா நீங்க முதுகத்தானே பாப்பீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தினமும் கிளம்பும்போது சொல்கிற ஒரே வாக்கியத்தை அன்றும் சொன்னார்: "கதவ சாத்திக்க." கல்யாணமான மறுநாளிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கூட ஒரு வார்த்தை போட்டதில்லை, குறைத்ததும் இல்லை.

ஒரு பதிப்பாளர் நாவலை எடுத்துக்கொண்டார். அச்சு வேலை பைண்டரின் அச்சகத்துக்கே வந்தது. அட்டைப்படம் தயாரானபோது அவள் பார்த்துவிட்டு, குதிரை கழுதை மாதிரி இருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் என்றாள். குதிரையை மாற்றினார்கள். மாற்றிய குதிரையை அவள் பார்க்கவில்லை. ஒரு காலையில் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று மேசைமேல் சாய்ந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த மாதம் நாவலின் பாரங்கள் அவர் மேசைக்கு வந்தன. வேறு ஆள் செய்யட்டுமே என்றார் முதலாளி. இவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டார். பதினெட்டுப் பாரம் அடுக்கியதும் மேசை நிறைந்துவிட, கடைசியான பத்தொன்பதாம் பாரத்தை முனையில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்தார். மதியம்வரை ஓடிய வேலையில் குறை ஒன்றும் இல்லை. மதியத்துக்கு மேல் முதலாளி பின்னட்டையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் அவளுடைய போட்டோ இருந்தது. வேலை நேரத்தில் பைண்டர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தார்கள். ஸ்டூலில் இருந்ததை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மறுபடி நடக்க ஆரம்பித்தார். எழுத்தை அப்போதும் பார்க்கவில்லை.

அவருக்குக் கொடுத்த ஒரு பிரதி, மேலே சுற்றிய கண்ணாடித் தாளோடு அப்படியே வீட்டு அலமாரியில் நின்றது. படிக்க மனம் வரவில்லை. மனம் வராததற்கு மேசைப் பழக்கம்தான் காரணம் என்று முதலில் நினைத்துக்கொண்டார்.

பிறகுதான் வாசகர்கள் வந்தார்கள்.

அவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டைப் பெருக்கி, சோறு வடித்துவிட்டுப் போவாள். புத்தகம் விற்கிற இணையதளத்தில் வாசகர்கள் கருத்து எழுதுகிறார்கள் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அத்தானுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கைப்பேசியைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பாள். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. குதிரைக்குத் தீனி போட இரண்டு பக்கம், முத்தத்துக்கு அரை வரி, இது எந்த ஊர் நியாயம் என்று ஒருவர் கேட்டிருந்தார். காயம்பட்ட வீரர்களை மருத்துவச்சி வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடும் இடம் அருமை என்று இன்னொருவர். அதைக் கேட்டு மச்சினி, அக்கா கிளினிக்கை அப்படியே கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள் என்று சிரித்தாள். அவருக்கும் உதடு லேசாக அசைந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்த அசைவு நின்றது. சரித்திரம் படித்த ஒருவர் காட்டமாக எழுதியிருந்தார்: கோட்டைக் கதவின் தாழ்ப்பாள் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளுமாம், இடது கையால் கதவை லேசாகத் தூக்கிப் பிடித்தால்தான் திறக்குமாம், அந்தக் காலத்துக் கோட்டையில் இப்படி ஒரு தாழ்ப்பாள் எங்கே இருந்தது? பைண்டர் திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தார். மழை வந்தால் இறுகுகிற தாழ்ப்பாள், இடது கையால் தூக்கிப் பிடிக்க வேண்டிய கதவு. சரிசெய்கிறேன், சரிசெய்கிறேன் என்று அவர் சரிசெய்யாமலே விட்ட கதவு.

மச்சினி கவனிக்காமல் அடுத்ததை வாசித்தாள். "இந்தத் தளபதியைப் போல உப்புச்சப்பில்லாத நாயகனை நான் கண்டதில்லை. காதலிக்கும்போதும் பேசவில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் பேசவில்லை. ஒவ்வொரு தடவை போருக்குக் கிளம்பும்போதும் 'கதவைச் சாத்திக்கொள்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிடுகிறான். இவனுக்குப் பதில் அவள் கோட்டைச் சுவரையே கட்டிக்கொண்டிருக்கலாம்."

வாசித்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அத்தான் முகத்தைப் பார்க்காமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சோறு ஆறுகிறது என்றாள்.

அதற்குப் பிறகு வீடு அவர் வீடாக இல்லை. முன்பின் தெரியாத ஜனங்கள் அதற்குள் நடமாடினார்கள். எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு யார் யாரோ அவருடைய கதவைத் தூக்கித் திறந்தார்கள், அவர் முதுகைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். காலையில் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் தளபதி தெரிந்தான். கிளம்பும்போது, ஆளில்லாத வீட்டைப் பார்த்து வாய் பழக்கத்தில் "கதவ சாத்திக்க" என்று சொல்லிவிடும். சொன்ன பிறகு அவர் அசையாமல் நிற்பார், உள்ளே பாத்திரத்தை வைத்துவிட்டு யாரோ கதவை நோக்கி வருகிற மாதிரி இருக்கும். யாரும் வரமாட்டார்கள். தானே பூட்டிக்கொண்டு போவார். பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அது பயம்தான். அவள் வந்துவிடுவாளோ என்ற பயம் இல்லை. அவள் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருந்தாள் என்பது அந்தக் கண்ணாடித் தாளுக்குள் இருக்கிறதே என்கிற பயம். உயிரோடு இருந்தவரை அவளிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. நீ என்னோடு நன்றாக இருந்தாயா?

கேட்பதற்கு இப்போது வாசகர்கள்தான் மிச்சம். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தார். மச்சினி வாசிக்கத் தயங்கினாலும், "படி" என்பார். வாசகர்களோ முடிவை மட்டும் சொல்வதில்லை. முடிவைச் சொன்னால் படிக்கப்போகிறவர்களுக்குச் சுவை கெட்டுவிடும் என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மற்றதையெல்லாம் துவைத்துக் காயப்போட்டார்கள், அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கடைசியில் அவர் மச்சினியிடமே கேட்டார். அவள் அக்காவின் புத்தகத்தை இரண்டு தடவை படித்தவள்.

"கடைசில அவ என்ன பண்றா?"

அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள். பிறகு, "தளபதி திரும்பி வந்து கதவத் தட்டுறார் அத்தான். அவ தாழ்ப்பாள்மேல கைய வெச்சுக்கிட்டு நிக்கிறா. அவ்வளவுதான். முடிஞ்சுது" என்றாள்.

"திறக்கல?"

"திறக்கல."

அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. கதையை ஏன் வாழ்க்கையோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று அவள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது. அக்கா கஷ்டப்பட்டிருக்கிறாள், நமக்குத்தான் தெரியவில்லை என்று அவளும் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இணையதளத்தில் அடிதடி. திறக்காத கதவு எவ்வளவு துணிச்சலான முடிவு என்று ஒருவர் புகழ, கதவு திறந்த பிறகு வருகிற பக்கங்கள்தானே நாவலின் உயிர், நீங்கள் புத்தகத்தைப் படித்தீர்களா இல்லை அட்டையை மோந்து பார்த்தீர்களா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நீர்தான் தூக்கத்தில் படித்திருக்கிறீர் என்று பதில். ஆள் சேர்ந்து இரண்டு கட்சியாகிவிட்டார்கள். தன்னிடம் புத்தகம் 288ஆம் பக்கத்தோடு முடிகிறது, வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள் என்று ஒருவர் சவால் விட்டிருந்தார்.

"எத்தன?" என்றார் பைண்டர்.

மச்சினி மறுபடி சொன்னாள். அவர் எழுந்து அலமாரியிலிருந்த பிரதியை எடுத்தார். கண்ணாடித் தாளைக் கிழித்தார். எழுத்தைப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தின் எண்ணை மட்டும் பார்த்தார். அதே எண். பதினெட்டுப் பாரம். கையில் புத்தகத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டூல் ஞாபகம் வந்தது. உட்காருவதற்காக எதை எடுத்துக் கீழே வைத்தோம் என்பதும் ஞாபகம் வந்தது. நடுவில் ஒரு பாரம் விட்டுப்போனால் முதுகுப் படிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும். கடைசிப் பாரம் விட்டுப்போனால் காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை, படிக்கட்டு ஒரு படி முன்னாலேயே முடியும், அவ்வளவுதான். முதுகை மட்டும் பார்க்கிறவனுக்கு அது முழுப் புத்தகம்.

மறுநாள் அச்சகத்தில், உபரித் தாள் போட்டுவைக்கிற பரணில் தேடினார். எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே அச்சடிப்பார்கள் என்பதால், மேசைக்குக் கீழே கிடந்த தாள்கட்டை உபரி என்று நினைத்துப் பொட்டலம் கட்டுகிறவர்கள் பரணில் ஏற்றியிருந்தார்கள். கட்டு அப்படியே இருந்தது. மேல் தாளில் எழுத்துகள் தெரிந்தன. அவர் அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தப்பு நடந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. முதலாளி அவர் தோளில் கை வைத்து, விடுங்க பைண்டர், யாருக்கும் வரும் என்று சொன்னது அவருக்குத் தாங்கவில்லை.

குறைப்பிரதி வைத்திருப்பவர்கள் தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொண்டுவரலாம், சேர்த்துக் கட்டித் தருகிறோம் என்று பதிப்பாளர் அறிவித்தார். பைண்டர் கடைசிப் பாரங்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்தபடியே, ஒரு வரிகூடப் படிக்காமல் வேலை செய்தார். பேய்க்குப் பயந்தவன்கூட எட்டிப் பார்ப்பான். அவர் எட்டிப் பார்க்கவில்லை. திறக்காத கதவே பரவாயில்லை என்று சில சமயம் தோன்றியது. திறந்து முகத்தில் அறைந்து சாத்தினால் என்ன செய்வது?

நேரில் வந்தவர்களில் ஒருத்தி பஸ் கண்டக்டர். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தாள். இன்ஜின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். வந்ததும் வராததுமாக, கோட்டைச் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று எழுதியது தான்தான் என்று பெருமையாகச் சொன்னாள். பைண்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புத்தகத்தை வாங்கி, பழைய அட்டையைக் கிழித்தார்.

அவள் மேசை முனையில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கவிழ்த்து வைத்திருந்த பாரங்களில் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். ஒட்டுவதற்குள் படித்துவிடுகிறேன், வீடு வரைக்கும் பொறுக்காது என்றாள். ஒரு பக்கம் போவதற்குள் தலையை நிமிர்த்தி, "நீங்க படிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"பைண்டர் படிக்கிறதில்லம்மா."

"கேக்கலாம்ல?"

அவர் முதுகில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டினார். பதில் சொல்லாதவரைப் பார்த்து ஓயாமல் டிக்கெட் கேட்டுப் பழகியவள் அவள். அனுமதிக்கெல்லாம் காத்திருக்காமல் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

மருத்துவச்சி இடது கையால் கதவைத் தூக்கிப் பிடித்துத் தாழ்ப்பாளை விலக்கினாள். வெளியே தளபதியின் குதிரை நின்றது. அதன்மேல் யாரும் இல்லை. கடிவாளத்தைப் பிடித்திருந்த வீரன்தான் கதவைத் தட்டியவன். அவன் தலை குனிந்திருந்தான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோட்டைப் பெண்கள் கூடினார்கள். உன்னிடம் கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டார்கள். கதவைச் சாத்திக்கொள் என்றார் என்று சொன்னாள். பாவம், அன்றைக்குமா என்று அவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

கண்டக்டரின் குரல் இந்த இடத்தில் தானாகவே தணிந்தது. இயந்திரத்தில் பசை சூடேறிக்கொண்டிருந்தது. பைண்டர் கையில் அட்டையில்லாத புத்தகம் இருந்தது.

"'உங்களுக்கு அது வெறும் கதவு' என்றாள் மருத்துவச்சி. 'போகிறவன் போய்விடத்தான் போகிறான் என்றால், கதவு திறந்திருந்தால் அவனுக்கு என்ன, சாத்தியிருந்தால் என்ன? திரும்பி வந்து தட்டப்போகிறவன்தான் சாத்திக்கொள்ளச் சொல்வான். ஒவ்வொரு நாளும் எனக்கு அது கேட்டது. ஒரு நாள்கூடக் கேட்காமல் போனதில்லை.' அன்று யாரும் சொல்லாமலே அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்."

அதோடு முடிந்தது. கண்டக்டர் பாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். தான் எழுதியது கொஞ்சம் அதிகம்தான், மாற்றி எழுதிவிட வேண்டும் என்றாள். ஆனால் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்?

"இருந்தாலும் அந்தாளு உசுரோட இருக்கறப்பவே இன்னொரு வார்த்த பேசியிருக்கலாம் சார். அவளாவே புரிஞ்சுக்கணும்னு விட்டுட்டான்."

"பேசியிருக்கலாம்" என்றார் பைண்டர்.

பாரத்தை எடுத்துப் புத்தகத்தோடு சேர்த்தார். முதுகைத் தட்டிச் சரிசெய்தார். கட்டங்கள் மேலிருந்து கீழே கடைசிப் படிவரை இறங்கின. ஒட்டி, அட்டை போட்டு, ஓரம் வெட்டி அவளிடம் கொடுத்தார். பசை ஆற வேண்டும், இன்றைக்கு விரித்துப் படிக்க வேண்டாம் என்று சொன்னார். அவருடைய கணக்குக்கு அது ஒரு பிரசங்கம். அவள் போன பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார், வெகுநேரம் கழித்து.

மறுநாள் காலை வீட்டில் சட்டையை மாட்டினார். மழை பிடித்திருந்தது, தாழ்ப்பாள் இறுகியிருந்தது. இடது கையால் கதவைத் தூக்கிப் பிடித்துத் திறந்து வாசலில் இறங்கினார். திரும்பி உள்ளே பார்த்தார். நாற்காலி, அலமாரி, சமையலறைக்குள் ஈரத் தரை, எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. இன்று அதற்காக அவருக்குப் பயம் வரவில்லை.

"கதவ சாத்திக்க" என்றார்.

அதோடு நிறுத்திப் பழகிய வாய் நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாயங்காலம் வந்துருவேன்" என்றார்.